சிவக்காமல், வீங்காமல்

அழற்சி பற்றிய பாடம் வருகிற நாளில் ஒரு ரோஜாக் கொப்பை முள்ளோடு வெட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். யாருடைய விரலிலும் குத்தமாட்டேன். காட்டினாலே போதும், கடைசி வாங்கு வரைக்கும் நித்திரை கலைந்துவிடும். பிறகு கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன்: செம்மை, வெப்பம், வீக்கம், நோவு. முள் ஏறின இடத்துக்கு வெண்குழியங்கள் ஓடி வருகின்றன, கிருமியோடு சண்டை பிடிக்கின்றன, அந்தச் சண்டையைத்தான் நீங்கள் வீக்கம் என்கிறீர்கள். ஆகவே விரல் வீங்கினால் அழாமல் உடம்புக்கு நன்றி சொல்லுங்கள் என்று முடிப்பேன். ஓய்வு பெறும் வரைக்கும் அக்குறணைப் பெண் பிள்ளைகளுக்கு இதைத்தான் படிப்பித்தேன். பாடப்புத்தகம் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டது. சண்டைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அதில் இல்லை. அதை என் கணவரின் உடம்பில்தான் படித்தேன்.

அவர் வாசனைச் சரக்கு வியாபாரி. மாத்தளை வீதியில் கடை. சுற்றியுள்ள தோட்டங்களில் காய்க்கிற கராம்பும் சாதிக்காயும் மிளகும் அந்தக் கடைக்கு வந்துதான் கொழும்புக்குப் போகும். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனால், நன்றாகக் காய்ந்ததா, பழையதோடு கலந்ததா என்று சொல்லிவிடுவார். நாள் முழுக்க மஞ்சள் தூளுக்கு நடுவே நின்றாலும் வெள்ளைச் சாரத்தில் ஒரு கறை படவிடமாட்டார். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெரிய ஆச்சரியம். பின்னால், அந்தச் சாரங்களை அவர் என்னைத் துவைக்கவும் விடமாட்டார் என்று கண்டபோது, இந்த மனிசனுக்கு இவ்வளவு சுத்தம் கூடாது என்று எரிச்சலும் வந்தது.

ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த கராம்பை நல்ல சரக்கு என்று வாங்கி அடுக்கி வைத்திருந்தார். சாப்பாடு கொண்டுபோன எனக்கு வாசலிலேயே நெடி அடித்தது.

"ஒங்களுக்கு மணக்கல்லயா?" என்று கேட்டேன்.

"தடிமன் புடிச்சீக்கும்" என்றார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். தடிமன் போகவில்லை, மணமும் திரும்பவில்லை. அதற்கு முன்பிருந்தே அவருக்கு மலச்சிக்கல். அதைப் பற்றி வீட்டில் பேசுவதே அவருக்குப் பிடிக்காது. இவை இரண்டும் ஒரே நோயின் முன்னோடிகளாக இருக்கலாம் என்று நினைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. பிறகுதான் வலது கை நடுங்கத் தொடங்கியது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும், ஒரு மிளகை உருட்டிப் பார்ப்பதைப் போல. கடைக்கு வருகிறவர்கள் அதைத் தொழில் பழக்கம் என்றே நினைத்தார்கள்.

கண்டியில் ஒரு டொக்டரிடம் காசு கட்டி நேரம் பதிந்து, சனல் பண்ணிப் போனோம். யாழ்ப்பாணத்துப் பெண், என் பழைய மாணவிகளின் வயது. என் கணவரை நடக்கவிட்டுப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தார், பார்க்கின்சன் நோய் என்றார். நான் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்று தெரிந்ததும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

"மூளைக்குள்ளயும் காவலுக்கெண்டு செல்லுகள் இருக்கு, டீச்சர். பழுதான புரதம் ஒண்டு சேரேக்க அதைத் துப்பரவாக்க வருகுதுகள். வந்ததுகள் அடங்காமல் நிண்டு, நல்ல செல்லுகளையும் சேத்து அழிக்குதுகள். இந்த வருத்தத்தில அழற்சி எண்டுறது அதுதான்."

"வேலியே பயிரை மேயுது" என்றேன்.

"ஓம். ஆனா வேலி மேஞ்சதால பயிர் பட்டுப்போச்சுதோ, பயிர் பட்டதால வேலி மேய வந்ததோ எண்டு இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. சில பேருக்குக் குடலிலயோ மூக்கிலயோதான் முதல் துவங்குதெண்டும் சொல்லுகினம்."

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். அழற்சிக்குத்தான் ஊரெல்லாம் மருந்து விற்கிறதே, அதில் ஒன்றைக் கொடுத்து இதை நிறுத்த முடியாதா? டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"செய்து பாத்திருக்கினம், டீச்சர். இந்த வருத்தத்தை நிப்பாட்டினதெண்டு சொல்ல ஒண்டும் இல்லை. நான் தாற குளிசை இறுக்கத்தையும் நடுக்கத்தையும் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கும். செத்த செல்லு திரும்பி வராது."

எழும்பும்போது இன்னொன்று சொன்னார். "காய்ச்சல் மட்டும் வர விடாதேங்கோ. சளியோ, சலம் போற வழியில கிருமியோ எதெண்டாலும். உடம்பில ஒரு சண்டை துவங்கினா மூளைக்குள்ள நிக்கிறதுகளும் சேந்து எழும்பும். சில பேர் அதுக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பி வாறேல்லை."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வழக்கம்போல வாகன நெரிசல். த்ரீவீலுக்குள் அவர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒண்டு மட்டும் கேளு. என்ன இன்னொரு ஆள் கழுவிவிடுற நெலமைக்கு வர விட்றாத. நீ கழுவுறதெண்டாலும் ஏலா."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கடையைப் பற்றிக் கேட்கவில்லை, எவ்வளவு காலம் என்றும் கேட்கவில்லை. கழிவறைக்குத் தானாகப் போய், தானாகக் கழுவி, தொழுகைக்கு முன் தானாகக் கை, முகம், கால் கழுவி உளூச் செய்துகொள்ளவேண்டும். அது போய்விட்டால் அவருக்கு மற்றதெல்லாம் போனது மாதிரிதான். அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே வேலை அதைக் காப்பது. காய்ச்சலை அவருக்குக் கிட்ட விடக்கூடாது. கேட்கச் சின்ன வேலை.

நோய்க்குப் பெயர் வைத்த மறுவாரமே ஊரார் வைத்தியத்தோடு வந்துவிட்டார்கள். அழற்சி என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். மஞ்சளைப் பாலில் போட்டுக் கொடுங்கள், தேனில் குழைத்துக் கொடுங்கள், பச்சை மஞ்சளாக மெல்லக் கொடுங்கள். நான் பொறுமைசாலி இல்லை. "வயசு முழுக்க மஞ்சள் மூட்டைக்கு மேல சாஞ்சு ஈந்தவரு, சுவாசிச்சதே மஞ்சள் தூளத்தான். மஞ்சளால நிக்கிற வருத்தமெண்டா இவருக்கு வந்தீக்கவே ஏலா" என்று ஒரு நாள் சொன்னேன். வந்தவர் முகம் கறுத்துப் போனார். என் கணவர் அன்று மஞ்சள் பாலைக் குடித்தார், வந்தவருக்காக.

மஞ்சள் கெடுதல் செய்யவில்லை. கெடுதல் வேறு வழியாக வந்தது, அதுவும் நன்மையாகவே வந்தது. நோயாளியை விசாரிக்கப் போவது எங்களுக்குச் சுன்னத்து, நபிகள் காட்டிய வழி. அவர் அதில் ஊரிலேயே முன்னுக்கு நின்றவர். யார் படுத்தாலும் கடையை அடைத்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நிற்பார். இப்போது ஊர் அவருக்குத் திருப்பிச் செய்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பகல் குளிசை வேலை செய்வதும் அந்த நேரத்தில்தான். உடம்பு இளகி, கால் எழும்பி, தானாகக் குளியலறைக்குப் போகக்கூடிய நல்ல நேரம். அதை அவர் முன்னறைக் கதிரையில் விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிடுவார். அவர்கள் தேத்தண்ணீர் குடித்து, சுகம் வேண்டித் துஆச் செய்து எழும்பிப் போகும்போது உடம்பு திரும்ப மரமாகிவிடும். டொக்டரிடம் கேட்டுக் குளிசை நேரத்தைக் காலைக்கு மாற்றினேன். ஊருக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, காலையில் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

அதோடு முகம் வேறு. தசை இறுகி அவருக்குச் சிரிப்பு வராது. உள்ளே சந்தோஷமாக இருந்தாலும் கடன் கேட்டவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். வந்தவர்கள் கோபம் என்று நினைத்தார்கள். மனசை மாற்றவேண்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார்கள். போதாததற்கு அடுத்த முறை பேரப்பிள்ளைகளையும் மூக்குச் சளியோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மட்டை ஒன்றில் எழுதி வாசல் கதவில் தொங்கவிட்டேன்: தடிமன், இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் தயவுசெய்து உள்ளே வரவேண்டாம். கொரோனாக் காலத்தில் கடைக்குக் கடை இதே வாசகம்தான் தொங்கியது, யாருக்கும் நோகவில்லை. வீட்டுக் கதவில், நோயாளியின் வீட்டுக் கதவில் தொங்கினால் அது வேறாம். டீச்சருக்குப் படிச்ச திமிர் என்றார்கள், புருஷனை ஊரிலிருந்து பிரிக்கிறாள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் அவர் காதுக்குப் போய்விட்டது.

"நான் எத்தின பேர்ட ஊட்டுக்குப் போயீக்கேன். ஒருத்தரும் கதவுல எழுதி வெக்கல்ல. கழட்டு."

"அவங்களுக்கு இந்த வருத்தம் இல்ல. ஒங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்னாகும் எண்டு டொக்டர் செல்லினது மறந்து பெய்த்தா? நீங்கதானே பாலத்துல வெச்சு எனக்கிட்டக் கேட்டீங்க!"

அவர் பேச எடுக்கும் நேரம் அந்த நாட்களில் நீளமாகிவிட்டிருந்தது. காத்திருந்தேன்.

"ஒருத்தரும் வராட்டி நான் உசிரோட ஈக்கிறது யாருக்குப் புள்ள தெரியும்?" என்றார்.

மட்டையைக் கழற்றிக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்குக் கூடிய கோபம்.

அவருடைய ராத்தா மடவளையில் இருக்கிறார். உம்மா இளவயதிலேயே மவுத்தாகிவிட, தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அந்த மூத்த சகோதரிதான். மழை விடாமல் பெய்த ஒரு கிழமை, ஓடை பெருகி அக்குறணைக் கடைத் தெருவுக்குள் தண்ணீர் ஏறி இறங்கிய மறுநாள், வீதி திறந்ததும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கையில் கஞ்சிப் போத்தல். வாசலிலேயே இருமல். முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒண்டுமில்ல புள்ள, பஸ்ஸுல காத்துப் பட்டது" என்றார். முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்த ஒரு முதியவரை எந்த வாயால் திருப்பி அனுப்புவேன்?

எங்களில் ஓதி ஊதுவது என்று ஒன்று உண்டு. குர்ஆன் வசனங்களை ஓதி, அந்த மூச்சை நோயாளியின் மேல் ஊதுவார்கள். தண்ணீரில் ஊதிக் குடிக்கவும் கொடுப்பார்கள். அவருக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலும் கனவு கண்டு பயந்தாலும் ராத்தாதான் ஓதி ஊதுவாராம். கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்து, ராத்தா ஓதத் தொடங்கினார். இடையில் இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஓதினார். குனிந்து முகத்துக்கு நேரே ஊதினார்.

"ராத்தா, கொஞ்சம் தள்ளி ஈந்து ஓதுங்களேன். ஒங்களுக்கு இருமல் ஈக்கிதானே" என்றேன். எனக்கே கேட்காத அளவு மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது.

"ஓதின மூச்சு மேல பட வேணும் புள்ள. தள்ளி ஈந்து ஊதி என்ன பலன்?"

அவர் கண்களை மூடி முகத்தை ராத்தாவின் பக்கம் நீட்டிக் கொடுத்தார். எத்தனையோ மாதங்களாக அவர் கழுத்து அவ்வளவு இலகுவாகத் திரும்பி நான் பார்க்கவில்லை. மூடிய கண்ணோரம் ஈரம் இருந்தது. ராத்தா திரும்ப ஓதினார், திரும்ப ஊதினார், தண்ணீர்க் கோப்பைக்குள்ளும் ஊதி அவர் வாயில் வைத்துக் குடிப்பித்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மூச்சில் என்னவெல்லாம் இருக்கிறது என்று படம் வரைந்து படிப்பித்தவள் நான். அவ்வளவு அன்பை இடையில் புகுந்து நிறுத்துகிற துணிச்சல் எனக்கு வரவில்லை. இன்னொரு முறை நடந்தாலும் வராது.

சில நாட்களில் காய்ச்சல் வந்தது. இருமிச் சளியைத் துப்பக்கூட அவர் நெஞ்சில் வலு இருக்கவில்லை. கண்டிக்குக் கொண்டுபோய் வார்டில் சேர்த்தோம். ஒட்சிசன் குழாயோடு கிடந்தவர், "மூட்டைய மேல ஏத்துங்க, தண்ணி வருது, கராம்பு நனையுது" என்று வார்டில் இருந்த எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் சிங்களவர் ஒருவர் பாஷை விளங்காமலே "ஹரி ஹரி முதலாளி", சரி சரி, என்று சிங்களத்தில் பதில் சொன்னார். மருந்து ஏறிக் காய்ச்சல் இறங்கியது, கராம்பும் தண்ணீரும் போய்விட்டன. அவரும் போய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுப்பி உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கரண்டி பிடிக்க முடியவில்லை. குளிசை கொடுத்தும் நல்ல நேரம் வரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, நோகிறதா என்று கேட்டால் இல்லை என்றார். நான் கரும்பலகையில் எழுதிய ஓர் அடையாளமும் இல்லாமல் உள்ளே எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் வார்டுக்கு வந்து பார்த்தார். வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன்.

"எழும்பி நடப்பாரா? தானா பாத்ரூமுக்குப் போவாரா?"

"பாப்பம், டீச்சர்."

"நான் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிப் படிப்பிக்கல்ல. எனக்கும் சொல்லவேணாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அப்பிடி நினைக்கேல்லை" என்றார்.

ராத்தா தன் இருமல் மாறியதும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தம்பியின் தலையைத் தடவிவிட்டு என்னிடம் திரும்பி, "அண்டைக்கு நான் வந்து ஓதி ஊதினதுதான் புள்ள, அல்லாஹ் இவன்ட உசிர இந்தளவுக்காவது காப்பாத்தித் தந்தீக்கான். நான் மட்டும் வராம ஈந்தா என்னாயீக்கும்!" என்றார்.

என் வாய் திறந்துவிட்டது. எவ்வளவோ காலமாக அடக்கியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது என் சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவருடைய வலது கை. நடுங்கிக்கொண்டே பிடித்திருந்தது. ராத்தா போகும் வரைக்கும் விடவில்லை. போன பிறகு அவர் வாயருகே காதைக் கொண்டுபோனேன்.

"ராத்தாக்கு இதச் செல்லாத" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்பவும்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தை நீட்டிக் கொடுத்தபோதே தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. ராத்தாவிடமிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது. அஸருக்கு வந்தவர்களில் யாரோ கொண்டுவந்திருக்கலாம், பேரப்பிள்ளைகளின் மூக்குச் சளியாக இருக்கலாம், கடைத் தெருவுக்குப் போய் வந்த என் முக்காட்டிலேயே ஒட்டி வந்திருக்கலாம். கோபத்தை இறக்கிவைக்க ஓர் ஆளாவது வேண்டும் என்றுதான் நான் தேடினேன். ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் நல்லது செய்ய வந்தவர்கள், மூளைக்குள் இருந்த காவல்காரர்கள் உட்பட.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முதல் நாள் காலை வெந்நீர் வைத்து, பேசினையும் துவாயையும் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆள் பிடிக்கலாமா, ஆண் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாமா என்றெல்லாம் ஏற்கனவே கேட்டிருந்தேன். தலையை அசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முன்னறையில் ராத்தா உட்கார்ந்து குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார். "நான் கழுவி வளத்த புள்ளதானே, நானும் வரட்டா?" என்று அங்கிருந்தே கேட்டார். "வேணாம் ராத்தா, நான் பாக்குறேன்" என்றேன்.

சாரத்தை அவிழ்த்தேன். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஈரத் துணியை வைத்ததும் உடம்பெல்லாம் ஒரு முறை விறைத்தது. கையைத் தட்டிவிட முயன்றார், கை வரவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. அழுகிறாரா, கோபிக்கிறாரா என்று முகத்தில் பார்க்க வழியில்லை. உதடு அசைந்தது. குனிந்தேன்.

"மய்யித்துக்கு வெக்கமில்ல" என்றார்.

உடல் கழுவப்படும்போது பிணம் வெட்கப்படுவதில்லை, தான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்று சொன்னார். இது மாறும் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இல்லாததைச் சொன்னால் அவருக்குத் தெரியும். அவருடைய கண்களின் மேல் துவாயின் ஒரு முனையைப் போட்டேன், என்னைப் பார்க்காமலாவது இருக்கட்டும் என்று. தண்ணீர் ஆறிப்போயிருந்தது. பேசினை எடுத்துக்கொண்டு வெந்நீர் மாற்றி வரக் குசினிக்குப் போனேன்.